வட்டைக் கழற்றுமுன்...

மாணவர்களே, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். பாலாற்றங்கரைக் கிணறுகளின் நீரில் உப்பு எவ்வளவு என்பதை மாணவர்கள் மாதந்தோறும் அளந்து வந்தார்கள். தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த எங்கள் பகுதியில் இது பொழுதுபோக்கிற்காகச் செய்யும் அளவீடு அன்று. எந்தக் கிணற்று நீர் குடிக்க ஆகும், எது ஆகாது என்பதே அதில் அடங்கியிருக்கிறது. ஆறு ஆண்டுகளின் அளவீடுகள் ஒரு சர்வரில் சேமிக்கப்பட்டிருந்தன. சர்வர் என்பது பல பேருக்கு ஒரே நேரத்தில் பணிசெய்யும் கணிப்பொறி. இரவு பகல் நிற்காமல் ஓடுவது. அதில் நான்கு வட்டுகள். எல்லோரும் ஹார்டு டிஸ்க் என்று சொல்லும் நிலைவட்டுகளைத்தான் சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆரஞ்சு நிற விளக்கு எரிந்தது. கணிப்பொறித் திரையில், '2-ஆம் எண் வட்டு பழுது' என்று செய்தி வந்தது. புது வட்டு கைவசம் இருந்தது. இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி, இரண்டாவதாக இருந்ததை இழுத்து வெளியே எடுத்தாகிவிட்டது. மறுகணம் சர்வர் முழுவதும் நின்றது. இழுத்தவன் வேறு யாருமல்ல, நானேதான். "சார், அது பூஜ்யத்திலிருந்து எண்ணும் சார்" என்று ஆய்வுக்கூட உதவியாளர் மெல்லச் சொன்னபோது, என் கையில் இருந்தது நன்றாக ஓடிக்கொண்டிருந்த 1-ஆம் எண் வட்டு. பழுதான 2-ஆம் எண் வட்டு, ஆரஞ்சு விளக்கோடு, அதன் இடத்திலேயே இருந்தது.

அன்றிரவு எப்படிக் கழிந்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன். ஒரு வட்டைக் கழற்றி இன்னொன்றைச் செருகுவதில் இவ்வளவு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள இயற்பியலில் பாதி அதில் இருக்கிறது.

வட்டின் உள்ளே

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்பானில் இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. எடை ஏறத்தாழ ஒரு டன். அது சேமித்ததோ 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று உள்ளங்கையில் அடங்கும் 3.5 அங்குல வட்டு ஒன்றில் 16 டெராபைட், அதாவது 16 லட்சம் கோடி எழுத்துகள் அடங்குகின்றன. அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன வழவழப்பான தட்டுகளின்மேல் மிக மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டிருக்கும். அப்படலத்தின் நுண்ணிய பகுதிகள் இந்தப் பக்கமாகவோ அந்தப் பக்கமாகவோ காந்தமாக்கப்பட்டிருக்கும். இவையே 0, 1 என்னும் குறிகள். அவற்றைப் படிக்கும் தலைப்பகுதியில் காந்தப் புலத்தால் மின்தடை பெரிதும் மாறும் விளைவு பயன்படுகிறது. 1988-இல் இவ்விளைவைக் கண்டறிந்த ஆல்பெர்ட் ஃபெர்ட், பீட்டர் குருன்பெர்க் ஆகிய இருவரும் 2007-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

தட்டு நிமிடத்துக்கு 7200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கிறது. அதன் விட்டம் 9.5 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். சுற்றளவு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். ஆகவே விளிம்பின் வேகம் நொடிக்கு 36 மீட்டர். மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆம்பூர்ப் பாலத்தைக் கடக்கும் எந்தப் பேருந்தும் இவ்வேகத்தில் போகக்கூடாது. போனால் ஓட்டுநர் மாட்டிக்கொள்வார். இந்த வேகத்தில் ஓடும் பரப்பின்மேல், அதைத் தொடாமல், படிக்கும் தலை மிதக்கிறது. சுழலும் தட்டோடு இழுத்துவரப்படும் காற்றே அதைத் தாங்குகிறது. தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி 5 நானோமீட்டருக்கும் குறைவு. தலைமுடி ஒன்றின் தடிமன் 80,000 நானோமீட்டர் அளவில் இருக்கும் என்றால், இந்த இடைவெளி எவ்வளவு சிறிது என்று கணக்கிட்டுப் பாருங்கள். பீடிப் புகையின் ஒரு துகள்கூட அங்கே பாறாங்கல்தான்.

காற்று தாங்குவதால், காற்றில்லாத இடத்தில் வட்டுக்கு வேலையில்லை. சாதாரண வட்டுகளைக் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3000 மீட்டர் உயரம் வரையில்தான் இயக்கலாம் என்று செய்பவர்களே குறிப்பிடுகிறார்கள். நம் ஆலங்காயத்துக்கு அருகில் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான் உள்ளது. அதன் உயரம் 700 மீட்டர் சொச்சம்; வட்டுகளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் தென்னமெரிக்காவின் சிலி நாட்டில், 5000 மீட்டர் உயரத்தில் உள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கியின் பெருங்கணிப்பொறியில் சுழலும் வட்டுகளே கிடையாது. அங்கே காற்று அவ்வளவு மெலிந்தது. சாதாரண வட்டின் மூடியில் ஒரு சிறு துளை இருப்பதையும், 'இத்துளையை மூடாதே' என்று அதனருகில் அச்சிட்டிருப்பதையும் கண்டிருப்பீர்கள். உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கான மூச்சுத்துளை அது. பெயர்ச்சீட்டு ஒட்டுகிறேன் என்று அதன்மேல் ஒட்டிவிடாதீர்கள். 2013 முதல் ஹீலியம் நிரப்பி முழுதும் மூடப்பட்ட வட்டுகள் விற்பனைக்கு வந்துள்ளன. ஹீலியத்தின் அடர்த்தி காற்றின் அடர்த்தியில் ஏழில் ஒரு பங்கே ஆதலால் தட்டுகள் குறைந்த உராய்வில் சுழலும். அவற்றில் மூச்சுத்துளை இராது.

ஒரு விரற்கடை உயரம்

வட்டை மேசையின்மேல் வைப்பதிலேயே பலர் தவறு செய்கிறார்கள். இரும்பு மேசைக்கு 5 சென்டிமீட்டர் மேலிருந்து கையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? மேசையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 1 மீட்டர். கடினமான பரப்பில் மோதி ஒரு மில்லிநொடியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எதிர்முடுக்கம் நொடியின் இருபடிக்கு 1000 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் நூறு மடங்கு! 30 சென்டிமீட்டர் உயரமானால் இதுவே 250 மடங்காகும். ஓடாத நிலையில் பெரும்பாலான வட்டுகள் 250 முதல் 300 மடங்கு வரை தாங்கும். ஓடும் நிலையில் தாங்குவதோ ஏறத்தாழ 70 மடங்குதான். ஆகவே, ஓடும் வட்டுக்கு ஒரு விரற்கடை வீழ்ச்சியும் பேராபத்து. மேசைமேல் ஒரு ரப்பர் விரிப்போ தடித்த நுரைப் பஞ்சோ விரித்துவிட்டால் நிற்கும் நேரம் ஒரு மில்லிநொடி என்பது பத்து மில்லிநொடியாகிறது. எதிர்முடுக்கம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பதும் இதுவேதான்.

இதனால்தான் சர்வரிலிருந்து வட்டை ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது. தாழ்ப்பாளை விடுவித்து, ஒரு விரல் அகலம் மட்டும் முன்னால் இழுங்கள். அவ்வளவிலேயே மின்தொடர்பு அறுந்துவிடும். ஆனால் தட்டு உடனே நிற்காது. அதற்குக் கோண உந்தம் உண்டு. அரை நிமிடம் அப்படியே விட்டுவையுங்கள். சுழலும் வட்டைக் கையில் எடுத்துத் திருப்பினால், பம்பரம் தன் அச்சை மாற்ற மறுப்பதுபோல அது உங்கள் கையை எதிர்ப்பதை உணரலாம். அந்த எதிர்ப்பு உள்ளே உள்ள தாங்கிகளின்மேலும் விழுகிறது. ஓசை அடங்கி, அதிர்வு நின்றபின் இரண்டு கைகளாலும் ஏந்தி எடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியிலேயே இப்படி மாற்றலாமா என்று கேட்கலாம். அதற்கென்று அமைந்த சர்வரில் மாற்றலாம். அவற்றில் வட்டு இணையும் தொடர்பு நாக்குகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. தரைத்தொடர்பு நாக்குகள் சற்று நீளமானவை. செருகும்போது அவையே முதலில் தொடும், கழற்றும்போது அவையே கடைசியில் விலகும். மின்னழுத்தம் பாய்வதற்குள் இரு பக்கமும் ஒரே தரைநிலைக்கு வந்துவிடுகின்றன. உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் மூன்று முனைச் செருகியில் எர்த்து முனை மட்டும் நீளமாகவும் பருமனாகவும் இருப்பதை நினைத்துப் பாருங்கள். அதே எண்ணம்தான். இவ்வமைப்பு இல்லாத சாதாரணக் கணிப்பொறியில் மின்சாரத்தை நிறுத்தி, செருகியைப் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத மின்னல்

ஆம்பூரில் செய்த தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு, குளிரூட்டிய அறையில் நைலான் கம்பளத்தின்மேல் நான்கு அடி நடந்து கதவுப்பிடியைத் தொட்டால் சுரீர் என்கிறது. இரு பொருள்கள் தொட்டு விலகும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னூட்டம் இடம் மாறுவதால் உண்டாகும் நிலைமின்சாரம் அது. குளிரூட்டி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. ஈரம் குறைந்தால் மின்னூட்டம் கசிந்து போக வழியில்லை.

சுரீர் என்று நமக்கு உறைக்கவேண்டுமானால் உடலின் மின்னழுத்தம் ஏறத்தாழ 3000 வோல்ட் இருக்க வேண்டும். மின்னணுத் தொழிலில் மனித உடலை 100 பிக்கோஃபாரட் மின்தேக்கியாகவும், அதோடு தொடராக 1500 ஓம் மின்தடையாகவும் வைத்துக் கணக்கிடுவது வழக்கம். அவ்வாறாயின், தேக்கிய ஆற்றல் அரை மில்லிஜூலுக்கும் குறைவு. ஓர் எறும்பைக் கொல்லவும் போதாது என்பீர்கள். ஆனால் முதல் கணத்தில் பாயும் மின்னோட்டத்தைப் பாருங்கள்: 3000-ஐ 1500-ஆல் வகுத்தால் 2 ஆம்பியர்! சில நானோமீட்டர் தடிமனே உள்ள காப்புப் படலத்தின் வழியாக இது பாய்ந்தால் படலத்தில் ஓட்டை விழும். நூறு வோல்ட்டிலேயே கெட்டுப்போகும் சில்லுகளும் உண்டு. நூறு வோல்ட் நமக்கு உறைக்காது. தீங்கு செய்துவிட்டோம் என்று தெரியாமலே செய்துவிடுவோம். வட்டும் உடனே சாகாது. மூன்று மாதம் ஓடிவிட்டு, காரணம் தெரியாமல் நிற்கும். இதுதான் நிலைமின்சாரத்தின் பொல்லாத்தனம்.

இதற்காகவே மணிக்கட்டுப் பட்டை இருக்கிறது. கையில் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் மறுமுனை சர்வரின் உலோகச் சட்டத்தில். கம்பியின் நடுவே ஒரு மெகாஓம் மின்தடையைப் புதைத்திருப்பார்கள். கம்பியே போதாதா, தடை எதற்கு? தவறிப்போய் இன்னொரு கை 230 வோல்ட் மின்கம்பியைத் தொட்டுவிட்டால், தடையில்லாத பட்டை உங்களைத் தரையோடு கட்டிப்போட்டுவிடும்; மரணமே நேரலாம். ஒரு மெகாஓம் இருந்தால் பட்டை வழியாகப் பாய்வது கால் மில்லிஆம்பியருக்கும் குறைவு. அதே சமயம் நிலைமின்சாரம் வடிவதற்கு அது தடங்கலா என்றால் இல்லை. மெகாஓமை 100 பிக்கோஃபாரடால் பெருக்கினால் வரும் காலம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கண் சிமிட்டுமுன் உடலின் மின்னூட்டம் வடிந்துவிடும். ஒரே ஒரு மின்தடையைக் கொண்டு இரண்டு ஆபத்துகளையும் தவிர்த்த இந்த ஏற்பாட்டைக் கண்டால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

நம் பகுதியில் செய்யப்படும் பாதுகாப்புக் காலணிகளில் நிலைமின்சாரம் வடிப்பவை என்று ஒரு வகை உண்டு. அவற்றின் மின்தடை ஒரு லட்சம் ஓமுக்கும் நூறு கோடி ஓமுக்கும் இடையில் இருக்கவேண்டும் என்று பன்னாட்டுத் தரம் விதிக்கிறது. மிகக் குறைவாகவும் கூடாது, மிக அதிகமாகவும் கூடாது. பட்டையில் கண்ட அதே கணக்குத்தான் இங்கே அடிப்பாகத்தில் தைத்து வைத்திருக்கிறது.

பட்டை கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? மின்சாரம் தரையிடப்பட்ட சர்வரின் பூச்சில்லாத உலோகப் பகுதியை முதலில் தொடுங்கள். வேலை முடியும் மட்டும் அடிக்கடி தொடுங்கள். புது வட்டை அதன் உலோகம் கலந்த பையிலிருந்து கடைசி நிமிடத்தில்தான் எடுக்க வேண்டும். ஓரங்களைப் பிடியுங்கள், அடியில் தெரியும் பச்சைப் பலகையைத் தொடாதீர்கள்.

கொலுசு கறுக்கும் ஊர்

பச்சைத் தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடையும் சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எழும். அழுகிய முட்டை நாற்றம் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். எங்கள் ஊர் மாணவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. ஆலைகளுக்கு அருகில் குடியிருப்பவர்களின் வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுத்துப்போவது ஏன்? வெள்ளி, இவ்வாயுவோடும் காற்றின் ஆக்சிஜனோடும் சேர்ந்து கருநிற வெள்ளி சல்ஃபைடாகிறது. கொலுசைத் தேய்த்துக் கழுவிவிடலாம். சர்வரின் உள்ளே இருக்கும் வெள்ளியை யார் தேய்ப்பது?

அங்கே வெள்ளி எங்கே வந்தது என்றால், சிறு மின்தடைகளின் முனைகளிலும் சில மின்சுற்றுப் பலகைகளின் பூச்சிலும் இருக்கிறது. 2006-இல் ஐரோப்பிய நாடுகள் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைத் தடை செய்தன. ஈயப் பற்றாசுக்குப் பதிலாகச் செம்பின்மேல் வெள்ளி பூசும் முறை பரவியது. ஈயத்தை ஒழித்தது நல்லதே. ஆனால் கந்தக வாயுக்கள் உள்ள இடங்களில் பலகைகள் விரைவில் பழுதாகத் தொடங்கின. செம்புச் சல்ஃபைடு பாசிபோலப் பரவி, பக்கத்துப் பாதையைத் தொட்டுக் குறுக்குச்சுற்று உண்டாக்கும். வட்டு நல்லதாக இருந்தும் அதன் தொடர்பு கெட்டு, 'வட்டு பழுது' என்று திரையில் செய்தி வரும். ஆகவே, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வட்டுகள் சாகுமானால் வட்டைக் குறை சொல்லுமுன் தொடர்புகளைப் பாருங்கள்.

காற்று எப்படி இருக்கிறது என்று அறிய எளிய வழி உண்டு. தூய செம்புத் தகடு ஒன்றையும் வெள்ளித் தகடு ஒன்றையும் சர்வர் அறையில் ஒரு மாதம் தொங்கவிடுகிறார்கள். மாதத்தில் செம்பின்மேல் படியும் துரு 30 நானோமீட்டருக்கும், வெள்ளியின்மேல் படிவது 20 நானோமீட்டருக்கும் குறைவாக இருந்தால் அறை நல்ல அறை. அதற்கு மேலானால் வெளிக்காற்றைக் கரித்தூள் வடிகட்டி வழியாக உள்ளே விடவேண்டும். ஆலைகளின் கழிவுநீர் அளவைத் தொடர்ந்து கருவிகளால் பதிவு செய்து வாரியத்துக்கு அனுப்பவேண்டும் என்று 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆணையிட்டது. அந்தக் கருவிகளும் கணிப்பொறிகளும் இருப்பது இத்தகைய காற்றின் நடுவில்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். மாசைக் கணக்கெடுக்கும் எண்களையே மாசு அரித்துவிடக் கூடும்.

அதிர்வையும் ஒரு வார்த்தை சொல்லிவிடவேண்டும். தோலைப் புரட்டும் பெரிய மர டிரம்கள் ஓடும் கட்டடத்தில் சர்வரை வைப்பது நல்லதல்ல. ஓசைகூட வட்டைப் பாதிக்கும். 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் வட்டுகளின் முன் நின்று உரக்கக் கத்தினார். வட்டுகளின் வேகம் அந்தக் கணமே குறைந்ததை வரைபடம் காட்டியது. 2016 செப்டம்பரில் ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில், ஐ.என்.ஜி. வங்கியின் கணிப்பொறி நிலையத்தில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. மந்த வாயு குழாய்களிலிருந்து பாய்ந்து வந்த பேரோசையே பல வட்டுகளைக் கெடுத்து, வங்கியின் பணிகளை ஏறத்தாழ பத்து மணி நேரம் நிறுத்திவிட்டது. தீ இல்லை, நீர் இல்லை, ஒலி மட்டுமே.

நான்கில் ஒன்று போனால்

இப்போது என் கதைக்கு வருவோம். நான்கு வட்டுகளில் ஒன்று பழுதானபின்னும் சர்வர் எப்படி ஓடிக்கொண்டிருந்தது? மூன்று வட்டுகளில் ஒரே இடத்தில் உள்ள குறிகள் 1, 1, 0 என்று இருக்கட்டும். நான்காவது வட்டில் ஒரு சரிபார்ப்புக் குறியை எழுதுகிறோம். விதி இதுதான்: நான்கிலும் சேர்த்து 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கவேண்டும். இங்கே ஏற்கெனவே இரண்டு 1-கள் இருப்பதால் நான்காவது 0. மூன்றும் 1, 0, 0 என்றால் நான்காவது 1. இனி இரண்டாவது வட்டு செத்துப்போனது என்று கொள்வோம். முதல் எடுத்துக்காட்டில் மிஞ்சியவை 1, 0, 0. இரட்டைப்படை ஆகவேண்டுமானால் தொலைந்தது 1-ஆகத்தான் இருக்கவேண்டும்! இப்படியே கோடிக்கணக்கான குறிகளையும் கணக்கிட்டு மீட்கலாம். உண்மையில் சரிபார்ப்புக் குறிகளை ஒரே வட்டில் வைக்காமல் நான்கிலும் பகிர்ந்து எழுதுவார்கள். 1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் இத்தகைய முறைகளைத் தொகுத்து 'ரெய்டு' என்று பெயரிட்டார்கள்.

ஆனால் இரண்டு வட்டுகள் ஒரே சமயத்தில் இல்லாமல் போனால்? ஒரு சமன்பாட்டில் இரண்டு தெரியாத எண்கள், விடை கிடையாது. நான் செய்தது அதுதான். ஒன்று பழுது, இன்னொன்று என் கையில்.

அப்போது யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் இருந்ததே எங்களைக் காப்பாற்றியது. திரையில் 'புதிதாக அமைக்கவா?' என்ற கேள்வி நின்றது. ஆம் என்றிருந்தால் ஆறு ஆண்டு அளவீடுகளும் அழிந்திருக்கும். வேலூரிலிருந்து வந்த பொறியாளர் முதலில் கேட்டது, "எந்த வட்டு எந்த ஸ்லாட்டில் இருந்தது, எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்பதுதான். எழுதவில்லை, ஆனால் ஒன்றைத்தான் எடுத்திருந்ததால் குழப்பமில்லை. அந்த வட்டை அதன் ஸ்லாட்டிலேயே மீண்டும் செருகி, பழைய அமைப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளுமாறு கட்டளையிட்டார். நான் இழுத்த கணமே சர்வர் நின்றுவிட்டதால் அந்த வட்டில் விட்டுப்போனது ஒன்றுமில்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் கோப்புகள் திரும்பின. பிறகு உண்மையான 2-ஆம் எண் வட்டை மாற்றினோம்.

மாற்றியதோடு வேலை முடிந்துவிடவில்லை. புது வட்டின் ஒவ்வொரு குறியையும் மற்ற மூன்றிலிருந்து கணக்கிட்டு எழுதவேண்டும். 16 டெராபைட் வட்டில் நொடிக்கு 20 கோடி பைட் வீதம் எழுதினாலும் 80,000 நொடி. ஏறத்தாழ 22 மணி நேரம். அதுவரை இன்னொரு வட்டு கெட்டால் மீட்பில்லை. மற்ற மூன்றும் தலை முதல் கால் வரை படிக்கப்படுவதும் அப்போதுதான். மறைந்து கிடந்த பழுதுகள் வெளிப்படும் நேரம் அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து கூகிள் நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், பரப்பைச் சோதிக்கையில் முதல் பிழையைக் காட்டிய வட்டு அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். இக்காரணங்களால் இன்று பெரிய சர்வர்களில் இரண்டு வட்டுகள் ஒருசேரப் போனாலும் தாங்குமாறு இரட்டைச் சரிபார்ப்பு வைக்கிறார்கள்.

அதன்பின் எங்கள் சர்வர் அறைக் கதவில் ஓர் அட்டை தொங்குகிறது. ஒவ்வொரு ஸ்லாட்டிலும் உள்ள வட்டின் தொடர் எண், பூஜ்யத்திலிருந்து எண்ணி, எழுதப்பட்டிருக்கிறது. வட்டு மாற்றுமுன் மூன்று பொருத்தங்கள் பார்க்கிறோம்: திரை சொல்லும் எண், அட்டையில் உள்ள தொடர் எண், விளக்கு. குறித்த வட்டின் விளக்கை மட்டும் சிமிட்டச் செய்யும் கட்டளை ஒன்று சர்வரிலேயே இருக்கிறது. அன்று எனக்கு அது தோன்றவில்லை. புது வட்டு பழையதற்குச் சமமான அல்லது அதிகமான கொள்ளளவு உடையதா, அதே இணைப்பு வகையா என்றும் பார்த்துவிடவேண்டும். எஸ்.ஏ.எஸ். வகைச் செருகிடம் சாட்டா வட்டை ஏற்கும். சாட்டா செருகிடம் எஸ்.ஏ.எஸ். வட்டை ஏற்காது. 3.5 அங்குல வட்டின் திருகும் 2.5 அங்குல வட்டின் திருகும் வேறு வேறு. முரட்டுத்தனமாக முடுக்கினால் மரை தேய்ந்துவிடும். சித்திரை வெயிலில் கூரியர் வண்டியில் வந்த வட்டை உடனே செருகாமல், பையைப் பிரிக்காமலே சில மணி நேரம் அறையில் வையுங்கள்.

இவ்வளவு செய்தும், இது காப்புநகல் ஆகாது. ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், நான்கு வட்டுகளும் ஒற்றுமையாகச் சேர்ந்து அதை அழிக்கும். தனியே வேறொரு கட்டடத்தில் ஒரு நகல் வேண்டும்.

வட்டுகளே தபாலாகச் சென்ற கதையும் ஒன்று உண்டு. 2017 ஏப்ரலில், எம்87 விண்மீன் திரளின் நடுவில் உள்ள கருந்துளையைப் படமெடுக்க, உலகில் ஆறு இடங்களில் இருந்த எட்டுத் தொலைநோக்கிகள் ஒன்றுகூடின. சேர்ந்த தரவுகளைக் கம்பி வழியே அனுப்பினால் முடியாத அளவு. அரை டன் எடையுள்ள வட்டுகளை விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பினார்கள். உயர்ந்த மலைகளில் ஓடவேண்டி ஹீலியம் நிரப்பிய வட்டுகளைப் பயன்படுத்தினார்கள். தென்துருவத்தில் இருந்த வட்டுகள் மட்டும் குளிர்காலம் முடிந்து விமானம் வரும்வரை, ஆண்டின் இறுதி வரை, காத்திருக்கவேண்டியதாயிற்று. 2019 ஏப்ரல் 10 அன்று படம் வெளிவந்தது. அந்த வட்டுகளைச் சர்வரிலிருந்து கழற்றிப் பெட்டியில் அடுக்கிய கைகளுக்கு எவ்வளவு பொறுப்பு இருந்திருக்கும்!

பழுதான வட்டைக் காயலான் கடையில் போடாதீர்கள். ஓடாத வட்டிலும் காந்தக் குறிகள் அப்படியே இருக்கும். பிறருடைய மதிப்பெண்களோ மருத்துவக் குறிப்புகளோ அதில் இருக்கலாம். எங்கள் 2-ஆம் எண் வட்டை மாணவர்களோடு சேர்ந்து திறந்தோம். தட்டுகளின் பரப்பைக் கீறித் துளையிட்டோம். உள்ளே தலையை அசைக்கும் இரண்டு நியோடிமியக் காந்தங்கள் கிடைத்தன. விரலைக் கடித்துவிடும் வலிமை, எச்சரிக்கையாக இருக்கவேண்டும். ஓர் அலுமினியத் தட்டைச் சாய்வாகப் பிடித்து, அக்காந்தத்தை அதன்மேல் வழுக்கவிட்டால், தேனில் இறங்குவதுபோல மெல்ல இறங்குகிறது. அலுமினியம் காந்தத்தால் ஈர்க்கப்படாத உலோகம் அல்லவா, பின் ஏன் இப்படி? சுழல் மின்னோட்டம் என்ற தலைப்பை உங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் தேடிப் பாருங்கள்.